வீரம்மாள் வீட்டுக்குப் பேச ஆள்

தேரா, துபாய்
3-8-2025

தம்பி பாண்டித்துரைக்கு,

அன்றைக்கு மாரியம்மன் கோயில் வாசலில் இருந்தவர்கள் இவர்கள். நிவாரணத்தில் வந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் ஊர்த் தலைமை நாட்டார் கலியமூர்த்தி. அவர் காலடியில் உட்கார்ந்து வரிப் பேர்களைக் கூப்பிட்ட சிங்காரவேலு. இரண்டு படகு கேட்டு வாங்கிய தனகோடி. தலையில் கட்டுப் போட்டிருந்த பூசாரி. படகு கொடுக்க வந்த தொண்டு நிறுவனத்துப் பையன், தொப்பி போட்டவன், நம் பேச்சு அவனுக்குப் பாதி புரியாது. வெளியே இடிந்த மதில் ஓரம், பெண்கள் நிற்கிற இடத்தில் அமிர்தம், வேதவல்லி, என் மகள் உமாராணி, நான். உமாராணி வயிற்றில் ரக்ஷிதா. அவளையும் சேர்த்துக்கொள். பிறக்கும் முன்னாலேயே உனக்குப் பங்கு இல்லை என்று சொல்லக் கேட்டவள் அவள்.

இருபது வருஷத்துக்குப் பிறகு இதை எதற்கு எழுதுகிறாள் என்று பார்க்கிறாயா? காரணம் இருக்கிறது. முதலில் சுகம். எனக்கு முழங்கால் வலியைத் தவிர குறை இல்லை. உன் சர்க்கரை எப்படி? விஜி டீயில் சர்க்கரை போடாமல்தான் கொடுப்பாள், நீ கடைத்தெருவில் போய்க் குடிக்கிறாயா என்பதுதான் கேள்வி. நான் சமைக்கிற ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர் லுக்மான் லீவில் நாகூர் வருகிறான். அவன் கையில் உனக்குக் கோடாலித் தைலமும் விஜிக்கு ஒரு நைட்டியும் இந்தக் கடுதாசியும் கொடுத்து அனுப்புகிறேன்.

“அக்காவை ஒரு தடவை போன் பண்ணச் சொல்லு” என்று போன லீவில் அவனிடம் சொல்லி அனுப்பினாயாம். உன்னிடம் வாய் திறந்து பேச மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். கடுதாசி பேச்சில் சேராது. அதனால் எழுதுகிறேன். அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்து. தப்பு இருந்தால் நீ படித்தவன், சரிபண்ணிப் படித்துக்கொள்.

விஷயம் இதுதான். நான் படகு வாங்குகிறேன். நாகப்பட்டினத்துப் பட்டறையில் சொல்லியாயிற்று. ஃபைபர் படகு, புது இஞ்சின். நீலமும் மஞ்சளும் அடித்து, முகப்பில் ‘வீரம்மாள்’ என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். ரக்ஷிதா புருஷன் முகிலன் ஓட்டுவான். அடுத்தவன் படகில் பங்குக்குப் போனது போதும், இனி வீட்டுப் படகில் போகட்டும். சர்க்கார் காகிதமெல்லாம் ரக்ஷிதா பார்த்துக்கொள்கிறாள். ஊர்தான் பாக்கி.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா. ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு ஆறும். வரி கட்டுகிற வீட்டுக்குத்தான் கரையில் படகு நிறுத்த இடம். வரி ஆம்பிளை பேரில்தான். கடல் ஏறி வந்த அன்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மாசிலாமணியும் மருமகனும் போனார்கள். அவர்களோடு எங்கள் வீட்டு வரியும் போனது. மாசி மாதம் நிவாரணப் படகுகள் வந்தன. வரி உள்ள வீட்டுக்குப் படகு என்றார்கள். வலையும் நிவாரண அரிசியும் அப்படியே. “மாசிலாமணி வீட்டுக்குப் பேச ஆள் உண்டா?” என்று நாட்டார் கேட்டார். பெண் அங்கே வாய் திறக்கக் கூடாது. வீட்டு ஆம்பிளை பேச வேண்டும், இல்லையென்றால் பிறந்த வீட்டு ஆம்பிளை பேச வேண்டும். மூன்று தடவை கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. “அடுத்த பேரைக் கூப்பிடுப்பா” என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் நான் ஷார்ஜாவில் ஓர் அரபி வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் நான் காரைக்காலைத் தாண்டினவள் இல்லை.

இப்போது நீ பஞ்சாயத்தில் ஒருத்தன். கூட்டத்தில் எடுத்துச் சொல். எங்கள் வீட்டு வரியைத் திரும்ப எழுத வேண்டும். என் பேரில்.

உன் அக்கா
வீரம்மாள்


செம்மணற்குப்பம்
24-8-2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். தைலம் வந்தது. நைட்டி விஜிக்குக் கொஞ்சம் பெரிது, ஆனால் உன் கையால் வந்தது என்று மடித்துப் பீரோவில் வைத்துவிட்டாள். டீ விஷயத்தில் உன்னிடம் பொய் சொல்ல முடியாது, அதனால் அதைப் பற்றி எழுதவில்லை.

படகு வாங்குகிறாய் என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. விஜியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். நம் அப்பா ஒரு கட்டுமரத்துக்கு என்ன பாடு பட்டார்!

இங்கே நிலவரம் சொல்கிறேன். நம் சுனாமி நகர் வீடுகளில் மேல்தளம் பெயர்ந்து விழுகிறது. போன வாரம் அமிர்தம் வீட்டில் சோற்றுப் பானைக்குள்ளேயே விழுந்தது. கட்டிக் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள், யாரைக் கேட்பது? கடலும் தூரமாகப் போய்விட்டதா, இஞ்சின் தூக்கிக்கொண்டு நடந்தே தோள் போகிறது. அந்த வருஷம் கொடுத்த படகுகள் உனக்குத் தெரியும். கடலுக்கே போகாதவனுக்கெல்லாம் படகு. எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கினோம், மீன் எங்கே போகும்? எனக்குக் கிடைத்த படகு இப்போது வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. விஜி அதில் மண் போட்டு முளைக்கீரை போட்டிருக்கிறாள். நன்றாக வருகிறது. தனகோடியின் இரண்டும் அலையில் உடைந்து மட்கிவிட்டன. படகு வாங்கின வீட்டுப் பிள்ளைகளெல்லாம் இப்போது உங்கள் பக்கம்தான். என் மகன் விமல் ருவைஸில். சம்மர் டூட்டியில் கறுத்துப்போய் போட்டோ அனுப்பினான், யாரோ என்று பார்த்தேன்.

வரி விஷயத்துக்கு வருகிறேன். நீ கோபப்படாமல் படிக்க வேண்டும். முகிலன் பேரில் எழுதிவிட்டால் ஒரு பேச்சும் இல்லாமல் முடிந்துவிடும். அவன் இந்த ஊர்ப் பிள்ளை, வரி வயது வந்தவன். படகில் உன் பேர் இருக்கட்டும், வரியில் அவன் பேர் இருக்கட்டும். உன் பேர்தான் வேண்டும் என்றால் இப்போது விதவைகளுக்கு அரை வரி என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். திருவிழாச் சோறும் ஊர் பங்கிடுகிற அரிசியும் பாதி கிடைக்கும். ஆனால் அரை வரிக்குக் கரையில் படகு இடம் கிடையாது. யோசித்துச் சொல்.

இன்னொன்று. அன்றைக்கு இருந்தவர்கள் பேரையெல்லாம் அப்படியே எழுதியிருக்கிறாய். உன் ஞாபகத்தை என்ன சொல்வது! என் பேரை மட்டும் விட்டுவிட்டாய். நானும் இருந்தேன் அக்கா, தூண் பக்கம். வருஷம் ஆகிவிட்டது, மறந்திருப்பாய். மறந்ததும் நல்லதுக்குத்தான்.

என்றும் உன் பிரியமுள்ள தம்பி
பாண்டித்துரை


தேரா
9-9-2025

தம்பிக்கு,

உன் கடுதாசி வந்தது. கீரைப் படகைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். விஜியிடம் சொல், வெந்தயமும் போடச் சொல், உன் சர்க்கரைக்கு நல்லது.

முகிலன் பேரில் எழுத மாட்டேன். முகிலன் தங்கமான பிள்ளை. ஆனால் கடல் வந்து போன பிறகு அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியது முகிலனா? உமாராணிக்கு நாகையில் வாடகை வீடு பிடித்ததும், ரக்ஷிதாவைப் படிக்க வைத்ததும், கல்யாணம் செய்ததும் யார்? அந்தக் கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்காமல் லுக்மான் போனில்தான் தாலி கட்டுவதைப் பார்த்தேன். அப்போது கூட நான் அழவில்லை, சாப்பாட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள்.

எங்கள் முதலாளி உஸைர் பாயும் உன்னைப் போலத்தான். “ஏம்மா, படகு வாங்கி என்ன செய்யப் போறீங்க? நீங்களா ஓட்டப் போறீங்க?” என்று கேட்டார். “நீங்க ஹோட்டல் வச்சிருக்கீங்களே பாய், உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?” என்றேன். “கலாஸ், முடிஞ்சுது, இனி கேக்க மாட்டேன்” என்று கல்லாவுக்குப் போய்விட்டார். போன வருஷம் அவர் என் மீன் குழம்புக்காகவே போர்டை மாற்றினார். மீன் மார்க்கெட்டில் எந்த வஞ்சிரம் நேற்றையது, எந்த ஷேரி மீன் ஐஸில் தூங்கினது என்று நான் தொடாமலே சொல்வேன். மலையாளத்துக்காரன் கடையில் என்னைப் பார்த்தாலே பழைய மீனைத் துணி போட்டு மூடுவான்.

இன்னொன்று கேள். நம் ஊர்ப் பிள்ளைகள் இங்கே வந்து இறங்கினால் முதல் சாப்பாடு என் கையில்தான். யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியவில்லை, வழக்கமாகவே ஆகிவிட்டது. பெட்டியோடு நேரே ஹோட்டலுக்கு வந்து நிற்பார்கள். சித்திரை மாசம் ஒருத்தன் வந்தான். “என்ன குழம்பு?” என்று கேட்டுவிட்டு நான் பதில் சொல்வதற்குள் கை கழுவப் போய்விட்டான். அந்த நடையிலேயே தெரிந்துவிட்டது.

“நீ நாட்டார் கலியமூர்த்தி பேரனாடா?”

“ஆமா ஆச்சி, எப்பிடித் தெரியும்?”

“உங்க தாத்தாவும் இப்பிடித்தான். கேள்வியைக் கேட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிருவாரு.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மீன் தலை கேட்டான், வைத்தேன். அவன் சாப்பிட்டதைப் பார்த்து என் மனசு நிறைந்தது. அது பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவன் தாத்தா ஊரில் எங்களுக்கு ஒரு படி அரிசி கிடையாது என்றார். பேரன் இங்கே மூன்றாவது தடவை சோறு வாங்கினான்.

அதனால் அரை வரியும் வேண்டாம். கோயில் வரி, திருவிழா வரி எல்லாம் முழுசாகக் கட்டுகிறேன். என் பேரில், முழு வரி. நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கூட்டத்தில் விஷயத்தை எடு. நாட்டார் வழக்கப்படி கேட்கட்டும். மீதி தானாக நடக்கும்.

உன் பேரை விட்டதைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதைப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா
வீரம்மாள்


செம்மணற்குப்பம்
15-10-2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதியாயிற்று. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். முழு வரி. உன் பேரில். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான் பார்த்தபடி நான் எழுத வேண்டும்.

அதே கோயில் வாசல். மதில் இப்போது புதிது. நாட்டாருக்குக் காது மந்தம், வயசாகிவிட்டது, ஆனால் நாற்காலியை விடவில்லை. பேர் கூப்பிடுவது சிங்காரவேலு மகன். சிங்காரவேலு காலமாகிவிட்டார். நான் விஷயத்தை எடுத்தேன். தனகோடி உடனே முணுமுணுத்தார். நாட்டார் கையைக் காட்டி அடக்கிவிட்டு, வழக்கம் வழக்கம்தானே, கேட்டார்.

“மாசிலாமணி வீட்டுக்குப் பேச ஆள் உண்டா?”

அக்கா, அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் இந்தத் தடவை விடக் கூடாது என்று தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பேசுவதற்கு மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறக்கிறேன், அதற்குள் ரக்ஷிதா மதில் ஓரத்திலிருந்து போனை நீட்டிக்கொண்டு ஆண்கள் பக்கம் வந்துவிட்டாள்.

“ஏய், யாருடி அது உள்ள வர்றது?” என்று தனகோடி கத்தினார்.

“நான் வரல தாத்தா, போன்தான் வருது” என்றாள். அப்படியே உன்னைப் போல.

அப்புறம் உன் குரல்.

“வீரம்மாள் பேசுறேன். ஆள் உண்டான்னு கேட்டீங்களே, நான் இருக்கேன்.”

இருபது வருஷம் கழித்து உன் குரலைக் கேட்டேன். நான் எழுந்தபடியே நின்றேன். கிழவர்கள் பாதிப் பேர் போனைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார்கள். தனகோடி மட்டும், “பொம்பளை பேர்ல வரி எழுதுற வழக்கம் நம்ம ஊர்ல கிடையாது” என்றார்.

நீ என்ன சொன்னாய் என்று உனக்குத் தெரியும். நான் எழுதி வைக்க ஆசைப்படுகிறேன். “கடல் ஊருக்குள்ள வர்ற வழக்கமும் கிடையாதுதான். வந்துச்சுல்ல?”

மதில் ஓரம் பெண்கள் பக்கத்தில் ஒரு சத்தம் எழுந்தது. அமிர்தம் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. நாட்டார் குனிந்து போனைப் பார்த்து, “அரை வரி எழுதிக்குவமே தாயி” என்றார். “அரைப் படகா விடப் போறேன்?” என்றாய். சின்னப் பையன்கள் கைதட்டிவிட்டார்கள். நாட்டாரே சிரித்தார், அவர் கூட்டத்தில் சிரித்து நான் பார்த்ததில்லை. “என் பேரன் எறங்குன அன்னைக்கு அந்த வீட்டுச் சோறுதான் தின்னான். சோறு போடுற வீடு வரி கட்டுற வீடுதான். எழுதுப்பா” என்றார். இனி அது மாசிலாமணி வீடு இல்லை, வீரம்மாள் வீடு என்று கூப்பிடுவார்கள்.

அக்கா, ஒரே ஒரு குறை. நான் எழுந்து நின்றேன். அதை யாரும் கவனிக்கவில்லை. நீ ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம். என்னைப் பேச விட்டிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை என் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. ஊரில் எல்லாரும் உன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், நானும் பெருமையாகத்தான் பேசுகிறேன். இனிமேலாவது போன் பண்ணு. உன் வாயால் ஒரு தடவை தம்பி என்று கூப்பிடு.

உன் தம்பி
பாண்டித்துரை


தேரா
2-11-2025

தம்பிக்கு,

உன் கடுதாசியை லுக்மான் கொண்டுவந்தான். சமையல் கட்டில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உஸைர் பாய்க்குப் படித்துக் காட்டினேன். அன்றைக்கு வந்த எல்லாருக்கும் பாயசம் போட்டார். பாகிஸ்தான்காரன் ஒருத்தன் “என்ன ஈத்?” என்று கேட்டானாம், “எங்க அம்மா வீட்டு ஈத்” என்று சொன்னாராம்.

தை மாசம் லீவு வாங்கிவிட்டேன். தை வெள்ளியில் படகை இறக்கலாம். மாலை, தேங்காய், கற்பூரம் எல்லாம் ரக்ஷிதா பார்த்துக்கொள்வாள். படகு தள்ளும்போது நீயும் வந்து தோள் கொடு. அது ஊர் வேலை, உறவு வேலை, நீ வராமல் இருக்கக் கூடாது. முதல் மீனில் நாட்டார் வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் பங்கு போகும். கலியமூர்த்திக்குப் பேரன் கையால் ஒரு கம்பளி கொடுத்து அனுப்புகிறேன். அமிர்தம் வீட்டு மேல்தளத்தை முகிலனை விட்டுப் பூசச் சொல்லியிருக்கிறேன்.

நீ எழுந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் கவனித்தேன். ரக்ஷிதா போனில் படமும் தெரிந்தது. நீ தூணைப் பிடித்து எழுந்ததை இங்கே அடுப்பு முன்னால் நின்று பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பேசினேன். நீ பேசிவிடக் கூடாது என்று அவசரமாகப் பேசினேன். அது உனக்குத் தெரிய வேண்டும்.

ஏன் என்று கேட்பாய். ஒரு வீட்டுக்காகப் பேசுகிறவன் அந்த வீட்டைத் தன் வரியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தன் படகில் பங்கு கொடுக்க வேண்டும். அன்றைக்கு அதுதான் உன்னைப் பிடித்து உட்கார வைத்தது. இந்தத் தடவை எழுந்தாய், சேர்த்துக்கொள்ள ஒருத்தருமில்லை, கொடுக்கப் படகும் இல்லை, அதில் கீரை முளைக்கிறது. இப்போது பேசுவது யாருக்கும் சுலபம். என் வீட்டுக்கு வந்த அந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தேன். அதை உனக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அன்றைக்கு இருந்தவர்கள் எல்லாரையும் ஒவ்வொருத்தராக விட்டுவிட்டேன். தொப்பிப் பையனுக்கு நம் பேச்சு புரியாது. சிங்காரவேலு செத்துப்போனார். தனகோடியிடம் அந்த இரண்டு படகுக்கும் கடலே கணக்குக் கேட்டு முடித்துவிட்டது. நாட்டாரை எப்போதோ விட்டுவிட்டேன். அவர் வழக்கத்தைப் பேசினார், ஆனால் மூன்று தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் தூண் பக்கம் பார்த்துத்தான் கேட்டார்.

நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாசம் வருவேன். உன் வீட்டுக்கும் வருவேன். விஜி கையால் சாப்பிடுவேன், அவளிடம் வாய் நிறையப் பேசுவேன். உன் டீயில் சர்க்கரை இருக்கிறதா என்று நானே குடித்துப் பார்ப்பேன். உன்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் கடுதாசி எழுதிக் கையில் தருகிறேன்.

இப்படிக்கு
முழு வரி வீரம்மாள்

மடிக்கப் போனேன், திரும்பப் பிரித்தேன். பேர் எழுதாமல் விட்டால் மறுபடியும் அக்கா மறந்துவிட்டாள் என்று நினைப்பாய். நான் எதையும் மறக்கவில்லை. கடைசிக்கென்று வைத்திருந்தேன். இந்த ஜென்மத்தில் நான் மன்னிக்காத ஒரே ஆள், என் கூடப் பிறந்த தம்பி, தூண் பக்கம் தலை குனிந்து உட்கார்ந்திருந்த பாண்டித்துரை.